இணைய அழைப்புச் சேவையில் பழைய தொலைபேசிகளும் ஃபேக்ஸ் கருவியும்: மூன்றாம் பக்கத்தில் அறுந்துபோகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இருந்த செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பை நீக்கிவிட்டு, அதே எண்ணை இணைய அழைப்புச் சேவை ஒன்றிற்கு மாற்றிக்கொண்டோம். கைவசம் இருப்பவை மூன்று கருவிகள்: பொத்தான் தொலைபேசி ஒன்று, எண்தட்டைச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்று, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஃபேக்ஸ் கருவி ஒன்று. இவற்றைத் தூக்கி எறிய மனமில்லாததால், இரண்டு எஃப்எக்ஸ்எஸ் போர்ட் (பழைய தொலைபேசியைச் செருகும் துளை) உள்ள அடாப்டர் ஒன்றை வாங்கினேன். முதல் போர்ட்டில் தொலைபேசிகள் இரண்டும், இரண்டாவதில் ஃபேக்ஸ் கருவியும் இருக்கின்றன. இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனி எண்கள்.

பொத்தான் தொலைபேசியில் ஒரு குறையும் இல்லை. பேச்சு முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. தொல்லை மற்ற இரண்டில்தான். ஃபேக்ஸ் கருவியில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் அனுப்பினால் போய்ச் சேருகிறது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் "தொடர்புப் பிழை" என்று அச்சடித்துவிட்டு நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஃபேக்ஸ் ஒன்றுகூட வருவதில்லை: கருவி மணியை எடுக்கிறது, கீச்சென்ற ஒலி எழுகிறது, சில நொடிகளில் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. கறுப்புத் தொலைபேசியிலோ டயல் டோன் கேட்கிறது, வரும் அழைப்பில் பேசவும் முடிகிறது. ஆனால் மணி அடிப்பதில்லை, எண்ணைச் சுழற்றினால் டயல் டோன் அப்படியே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இணைய வேகத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. சேவை நிறுவனத்தைக் கேட்டால் ஃபேக்ஸுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். அலுவலகச் சுவர்களில் ஏற்கெனவே உள்ள தொலைபேசி சாக்கெட்டுகள் வழியாகவே அடாப்டரின் லைனை மற்ற அறைகளுக்கும் கொண்டுபோகலாமா என்பதையும், விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம். ஃபேக்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மணி, வயரிங் ஆகியவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இணைய வேகத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை எண்களாக்கும் முறை) ஓர் அழைப்புக்கு ஒலிக்கென்று 64 கிலோபிட், பாக்கெட் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு நொடிக்கு ஏறக்குறைய 90 கிலோபிட் போதும். உங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை. நேர ஒழுங்கில் இருக்கிறது. அடாப்டர் உங்கள் குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால் மறுமுனை முந்தைய துண்டின் சாயலில் ஒன்றை இட்டு நிரப்பிவிடும். காது அதைக் கவனிப்பதே இல்லை. ஃபேக்ஸ் மோடமுக்கோ (கருவிக்குள் பிட்டுகளை ஒலியாக்கும் பகுதி) அந்த இட்டு நிரப்பிய ஒலி வெறும் குப்பை. 14,400 பிட் வேகத்தில் ஒரு துண்டு 288 பிட்டுகளைச் சுமக்கிறது; அவ்வளவும் போய்விடும். பேச்சு தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து ஃபேக்ஸும் போகும் என்று முடிவுகட்ட முடியாதது இதனால்தான்.

இதற்கென்றே 1998இல் ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு டி.38 என்ற முறையை வகுத்தது. இதில் ஃபேக்ஸின் ஒலி இணையத்தில் போவதே இல்லை. அடாப்டரே ஒரு மோடம் போல நடித்து, உங்கள் கருவியின் ஒலியைப் பிட்டுகளாகப் புரிந்துகொண்டு, அந்தப் பிட்டுகளைப் பாக்கெட்டுகளில் அனுப்புகிறது. மறுமுனைக் கேட்வே (இணையத்தையும் தொலைபேசி லைனையும் இணைக்கும் கருவி) அவற்றை மீண்டும் ஒலியாக்குகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய ஒன்றிரண்டு பாக்கெட்டுகளின் சரக்கையும் சேர்த்து வைக்க வழி இருப்பதால், ஒன்று தொலைந்தாலும் பக்கம் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அழைப்பு டி.38இல் தொடங்குவதில்லை. முதலில் சாதாரணப் பேச்சாக ஜி.711இல் தொடங்கும், ஃபேக்ஸை வாங்கும் பக்கத்துக் கேட்வே அது ஃபேக்ஸ் என்று கண்டுகொண்ட பிறகு, "டி.38க்கு மாறுவோமா?" என்று எஸ்ஐபி (அழைப்புகளைத் தொடங்கி நடத்தும் செய்திமுறை) வழியே மறுமுனையைக் கேட்கும். வரும் ஃபேக்ஸ்களுக்கு வாங்கும் பக்கம் உங்கள் அடாப்டர்தான். அது கேட்க, சேவை நிறுவனம் 488 என்ற எண்ணோடு மறுத்துவிட்டால், ஒழுங்கான அடாப்டர் ஜி.711இலேயே தொடர வேண்டும். சில அடாப்டர்கள் அப்படியே அழைப்பைத் துண்டித்துவிடுகின்றன. நீங்கள் அனுப்பும்போது கேட்க வேண்டியது எதிர்முனை. அது கேட்காவிட்டால் அழைப்பு ஜி.711இலேயே ஓடிக்கொண்டிருக்கும். அனுப்பினால் பாதியாவது போகிறது, வாங்கினால் ஒன்றும் வருவதில்லை என்ற உங்கள் குறிப்பு இந்தப் படத்தோடு பொருந்துகிறது. அடாப்டரின் எஸ்ஐபி பதிவைத் திறந்து, ஃபேக்ஸ் வந்து அறுந்த நேரத்தில் 488 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரண்டாவது போர்ட்டின் ஃபேக்ஸ் முறையை டி.38இலிருந்து "பாஸ்த்ரூ"வுக்கு மாற்றுங்கள்.

பாஸ்த்ரூ என்றால் ஒலியை ஒலியாகவே அனுப்புவது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்தப் போர்ட்டில் ஜி.711 மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும், ஜி.729 பட்டியலில் கடைசியாகக்கூட இருக்கக்கூடாது, ஏனெனில் மனிதக் குரலுக்கென்று 8 கிலோபிட்டாகச் சுருக்கும் அந்தக் கோடெக்கில் மோடம் ஒலி உருத்தெரியாமல் போகும். மௌனத்தை அனுப்பாமல் விடும் வசதியை நிறுத்துங்கள். காத்திருக்கும் அழைப்பு வசதியையும் அந்த எண்ணில் நிறுத்திவிடுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு "பீப்" ஒலித்தால் போதும், அந்தப் பக்கம் கெட்டுவிடும். ஜிட்டர் பஃபரை (முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் தேக்கி ஒழுங்காக்கும் இடம்) தானாக மாறும் நிலையிலிருந்து நிலையான அளவுக்கு, 100 மில்லிநொடி அளவில் வையுங்கள். ஃபேக்ஸ் கருவியில் வி.34, அதாவது சூப்பர் ஜி3 என்ற அதிவேக முறை, இருந்தால் அணைத்துவிட்டு, வேகத்தை 9,600க்குக் குறையுங்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அறுந்துபோகும்போது எத்தனையாவது பக்கம் என்று பார்ப்பதோடு, அழைப்பு தொடங்கி எத்தனை நொடியில் அறுந்தது என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கம் என்பது எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இரண்டாவது மறுமொழி

கறுப்புத் தொலைபேசியைக் கைவிட வேண்டாம்.

மணியை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய தொலைபேசி நிலையங்கள் மணிக்கென்று 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுமின்னழுத்தத்தை, நொடிக்கு 20 அல்லது 25 சுழற்சியில் அனுப்பின. உங்கள் தொலைபேசிக்குள் இருப்பது இரண்டு வெண்கலக் கிண்ணங்களும், நடுவே மின்காந்தம் ஆட்டும் ஒரு சுத்தியலும்; அதை அசைக்க உண்மையான விசை வேண்டும். ஒரு விரற்கடை அகலப் பெட்டியான அடாப்டர் அவ்வளவு தெம்போடு மணி அனுப்புவதில்லை. ஒரு லைன் எத்தனை மணிகளைத் தாங்கும் என்பதை ஆர்இஎன் என்ற அளவால் குறிப்பார்கள். பழைய கிண்ண மணி ஒன்றுக்கு ஏறக்குறைய 1 என்று கணக்கு. மின்னணு மணி உள்ள பொத்தான் தொலைபேசிக்கு அதைவிட மிகக் குறைவு. ஆகவே உங்கள் இரண்டு தொலைபேசிகளும் சேர்ந்து அடாப்டரின் வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் கோளாறு மணியின் சுழற்சி எண்ணிக்கையிலும் அலை வடிவத்திலும் இருக்கும். அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் மணி அதிர்வெண் என்ற இடத்தில் 20, 25 இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்; மின்னழுத்தத்தைக் கூட்ட வழியிருந்தால் கூட்டுங்கள். பொத்தான் தொலைபேசியைக் கழற்றிவிட்டு, கறுப்புத் தொலைபேசியை மட்டும் வைத்துச் சோதிப்பது நல்லது.

எண் சுழற்றுவது வேறு கதை. எண்தட்டு திரும்பி வரும்போது லைனை நொடிக்குப் பத்து முறை என்ற வேகத்தில் அறுத்து அறுத்து இணைக்கிறது. ஒவ்வோர் அறுப்பும் 60 மில்லிநொடி அளவு. 5 என்றால் ஐந்து அறுப்பு, பூஜ்யம் என்றால் பத்து. (எல்லா நாட்டிலும் அப்படி இல்லை: ஸ்வீடனில் பூஜ்யத்திற்கு ஒரே ஒரு துடிப்பு, நியூசிலாந்தில் தட்டின் எண்வரிசையே தலைகீழ். வெளிநாட்டுத் தொலைபேசியை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் தவறான எண்ணுக்குப் போய் விழிப்பது இதனால்தான்.) பல அடாப்டர்களுக்குப் பொத்தான் ஒலி மட்டுமே புரியும், துடிப்புகளை எண்ணத் தெரியாது. சிலவற்றில் "பல்ஸ் டயலிங்" என்ற அமைப்பு அணைந்த நிலையில் ஒளிந்திருக்கும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 போன்றவற்றில் அது உண்டு. உங்களுடையதில் இல்லையென்றால், துடிப்பைப் பொத்தான் ஒலியாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றைத் தொலைபேசிக்கும் அடாப்டருக்கும் நடுவே இணைக்கலாம். பல்ஸை இயக்கிய பிறகு, "ஃபிளாஷ்" (ரிசீவர் கொக்கியைச் சற்றே தட்டிவிடும் குறி) நேரத்தின் கீழ் வரம்பையும் பாருங்கள். அது ஓர் அறுப்பின் அளவுக்குத் தாழ்வாக இருந்தால், 1ஐச் சுழற்றியதும் நீங்கள் ரிசீவர் கொக்கியைத் தட்டியதாக அடாப்டர் எடுத்துக்கொள்ளும். 300 மில்லிநொடிக்கு மேல் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

சுவர் சாக்கெட்டுகள் வழியாகக் கொண்டுபோகலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய கம்பியைக் கட்டடத்திற்குள் நுழையும் இடத்திலேயே கழற்றிய பிறகுதான். "இணைப்பை நீக்கிவிட்டார்கள், டயல் டோன் இல்லை" என்பது போதாது. நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ட் அந்தக் கம்பியில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். எதிர் வரும் மின்னழுத்தம் எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டை எரித்துவிடும். எஃப்எக்ஸ்எஸ் என்பது லைனுக்கு மின்சாரம் கொடுக்கும் முனை. நிலையத்து லைனை வாங்கிக்கொள்வது எஃப்எக்ஸ்ஓ. பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி ஓர் அடாப்டரைக் கொன்றிருக்கிறேன்: சாக்கெட்டில் செருகியதும் பச்சை விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது, அதன் பிறகு அந்தப் போர்ட்டில் டயல் டோன் வரவே இல்லை. கழற்றிய பிறகு மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த நிலையில் வைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளந்து, பூஜ்யம் காட்டினால் மட்டும் அடாப்டரைச் செருகுங்கள். பிபிஎக்ஸ் என்ற அலுவலக உள் இணைப்பகத்தின் டிஜிட்டல் தொலைபேசிகளுக்கான சாக்கெட்டுகள் ஏதேனும் சுவரில் இருந்தால் அவற்றின் பக்கமே போக வேண்டாம். துளை ஒன்று போலவே இருக்கும், உள்ளே வருவது வேறு.

மூன்றாவது மறுமொழி

மேலே இருவரும் கூறியவற்றில் தவறில்லை. ஆயினும் ஃபேக்ஸுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. வரும் ஃபேக்ஸ்களை மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாகச் சேர்க்கும் சேவைக்கு அந்த எண்ணை மாற்றிவிட்டால், மோடமும் ஜிட்டரும் அவர்கள் தலைவலி. அனுப்புவதற்கு மட்டும் கருவியை வைத்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட தாள்கள் மூன்றாம் நபர் ஒருவரின் கணினியில் தங்கும் என்பதில் உங்களுக்கு மறுப்பு இருந்தால், அது நியாயமான மறுப்புதான்.

இன்னொன்று: பழைய லைன் மின்தடையிலும் பேசியது, ஏனெனில் தொலைபேசிக்கான மின்சாரம் நிலையத்து மின்கலங்களிலிருந்து அதே கம்பியில் வந்தது. இப்போது அடாப்டர், ரூட்டர், இணைய மோடம் ஆகிய மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால்தான் அது நடக்கும். அடாப்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்கினால் அதையும் அணைத்துவிடுங்கள்; உதவி செய்வதாக நினைத்து எஸ்ஐபி செய்திகளின் முகவரிகளைத் திருத்திக் கெடுப்பது அதன் வழக்கம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பதிவில் 488 இருந்தது. வந்த ஃபேக்ஸ் அறுந்த ஒவ்வொரு முறையும் அதே எண். பாஸ்த்ரூவுக்கு மாற்றியதும் வரும் ஃபேக்ஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. ஏஎல்ஜியும் இயக்கத்தில்தான் இருந்தது, அணைத்துவிட்டேன்.

அனுப்புவதில் கடிகாரம் பார்த்தது வியப்பாக முடிந்தது. வேகத்தையும் பஃபரையும் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்தேன். வழக்கமான தாள்களை அனுப்பியபோது மூன்றாம் பக்கத்தில், ஏறக்குறைய 200ஆவது நொடியில் அறுந்தது. படங்கள் நிறைந்த தாள்களை அனுப்பினால் இரண்டாம் பக்கத்திலேயே அறுந்தது, அதுவும் 205ஆவது நொடியில். ஒரு வரி மட்டும் அச்சடித்த தாள்களை அனுப்பினால் ஆறு பக்கங்கள் முழுதாகப் போய்ச் சேர்ந்தன. மொத்தமே மூன்று நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. இதற்கு என்ன பொருள்? ஈசிஎம் என்ற பிழைதிருத்த முறையை அணைத்தால் சரியாகும் என்று வேறு ஓர் இடத்தில் படித்தேன்; செய்யலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்

நான் சந்தேகித்தது இதைத்தான். இணைப்பு அறுந்துபோவது பக்கத்தைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது.

உங்கள் அடாப்டருக்குள் ஒரு படிகக் கடிகாரம் நொடிக்கு 8,000 முறை ஒலியை அளக்கிறது. மறுமுனைக் கேட்வேயிலும் இன்னொன்று இருக்கிறது. பழைய தொலைபேசி வலையமைப்பில் நிலையங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் கட்டப்பட்டிருந்தன. இணையத்தில் அந்தத் தாளம் இல்லை, இரண்டு கடிகாரங்களும் அவரவர் போக்கில் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து இலட்சத்தில் நூறு பங்கு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொண்டால், 200 நொடியில் 20 மில்லிநொடி விலகல் சேர்ந்துவிடும். அதாவது சரியாக ஒரு பாக்கெட். தானாக மாறும் பஃபர் அந்த நிலையில் ஒரு பாக்கெட்டை எறியும், அல்லது இல்லாத ஒன்றை நுழைக்கும். பேச்சில் இது ஒரு மூச்சளவு. அது ஒரு பக்கத்தின் நடுவில் நேர்ந்தால், சில மோடம்கள் தடுமாறி மறுபடி பிடித்துக்கொள்ளும். சில அந்தப் பக்கம் முடியும்வரை பிடிப்பதே இல்லை. இரண்டு பக்கங்களுக்கு இடையே நேர்ந்தால் யாருக்கும் தெரியாது, ஏனெனில் அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் மோடம் மீண்டும் பயிற்சிக் குறிகளை, அதாவது மறுமுனை தாளத்தைப் பிடித்துக்கொள்ள உதவும் ஒலிகளை, அனுப்பிக்கொள்ளும். 100 மில்லிநொடி நிலையான பஃபரின் நடுவில் தொடங்கினால் இரு பக்கமும் 50 மில்லிநொடி இடம் கிடைக்கிறது. உங்கள் வேறுபாட்டுக்கு அது 500 நொடி தாங்கும். ஆனால் மறுமுனைப் பஃபர் உங்கள் கையில் இல்லை. அதனால் நீண்ட ஆவணங்களை இரண்டு மூன்று அழைப்புகளாகப் பிரித்து அனுப்புவதே பாதுகாப்பு.

வேகத்தைக் குறைக்கச் சொன்ன என் அறிவுரையில் ஒரு முரண் இருப்பதை இப்போது உணர்கிறேன். வேகம் குறைந்தால் அழைப்பு நீளும்; நீண்டால் விலகல் கூடும். இருந்தாலும் 9,600இல் குறிகளுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால் மோடம் தடுமாறிய பின் எழுந்துவிடும் வாய்ப்பும் அதிகம். இரண்டையும் அனுப்பிப் பார்த்து, எது அறுந்துபோகாமல் தாங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஎம்மை அணைக்கும் அறிவுரை எங்கும் காணப்படுவதுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஈசிஎம் இருக்கும்போது பக்கம் ஒவ்வொன்றும் 256 பைட் கொண்ட சட்டங்களாக, அதாவது சிறு துண்டுகளாக, போகிறது. கெட்ட சட்டங்களை மட்டும் எதிர்முனை மறுபடி கேட்கும். லைன் மோசமாக இருந்தால் இந்தக் கேள்வியும் பதிலும் நீண்டு, கருவி சலித்து இணைப்பைத் துண்டிக்கும் என்பது உண்மைதான். அணைத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகாமல் நிலைக்கும், ஆனால் கெட்ட வரிகள் கெட்டபடியே அச்சாகும். கணக்குத் தாள் ஒன்றில் எண்களின் மேல் ஒரு கோடு விழுந்தால் 8 எது, 3 எது என்று வாங்கியவர் திண்டாட வேண்டும். உங்கள் கருவியோ "சரி" என்று அறிக்கை கொடுத்திருக்கும். மேலும் எம்எம்ஆர் என்ற இறுக்கமான சுருக்கம் ஈசிஎம் இருந்தால்தான் இயங்கும். அதை அணைத்தால் ஒரே பக்கத்துக்கு அதிக நேரம் பிடிக்கும். நேரமே உங்கள் எதிரியாக இருக்கும்போது அது நல்லதல்ல.

கேள்வி கேட்டவர்

ஈசிஎம்மை அப்படியே விட்டுவிட்டு, பஃபரை 100 மில்லிநொடியில் நிறுத்தி, 9,600 வேகத்தில் அனுப்பினேன். நான்கு பக்க ஆவணம் ஒன்று ஐந்து முறையில் நான்கு முறை முழுதாகப் போயிற்று. 14,400இல் ஐந்தில் இரண்டு. ஆகவே 9,600ஐ வைத்துக்கொண்டு, நான்கு பக்கங்களுக்கு மேற்பட்டவற்றைப் பிரித்தே அனுப்பப் போகிறேன்.

நுழைவிடத்துப் பெட்டியைத் திறந்து அளந்ததில் பழைய கம்பியில் 49 வோல்ட் இருந்தது. நல்ல வேளை, செருகுவதற்கு முன் கேட்டேன். இப்போது அது கழற்றப்பட்டுவிட்டது, சாக்கெட்டுகள் அனைத்திலும் பூஜ்யம். கறுப்புத் தொலைபேசி 25 சுழற்சியில் முழுத் தொண்டையோடு மணி அடிக்கிறது. பல்ஸ் அமைப்பு என் அடாப்டரிலேயே இருந்தது. ஆனால் கடைசி எண்ணைச் சுழற்றிய பின் நான்கு நொடி எதுவும் நடப்பதில்லை. பொத்தான் தொலைபேசியில் ஹாஷ் அழுத்தினால் உடனே போகிறது, சுழல்தட்டில் ஹாஷ் இல்லையே?

இரண்டாவது மறுமொழி எழுதியவர்

நீங்கள் சுழற்றி முடித்தீர்களா என்று அடாப்டர் காத்திருக்கும் நேரம் அது. டயல் பிளானில் (எந்த எண்களை எப்படி அழைப்பது என்று கூறும் அமைப்பு) உங்கள் எண்களின் நீளத்தைச் சரியாக எழுதிவிட்டால், கடைசி எண் வந்ததும் காத்திருக்காமல் அழைத்துவிடும். பொதுவான காத்திருப்பு நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். 9ஐச் சுழற்றித் தட்டு திரும்பி வரவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும், விரல் அடுத்த துளையைத் தேடுவதற்குள் பாதி எண்ணோடு அழைப்பு போய்விடும்.